பாதாளத்தில் வழிகாட்டி

கடலிற் செல்லும் மாலுமிக்கு முற்காலத்தில் விண்மீன்கள் வழிகாட்டின. பின்னர்க் காந்த ஊசி வழிகாட்டியது. இன்று வானத்தைச் சுற்றிவரும் செயற்கைக் கோள்கள் வழிகாட்டுகின்றன. கையிலே ஒரு தொலைபேசி இருந்தால் போதும். முன்பின் அறியாத ஊரிலும் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து வீடு போய்ச் சேரலாம். பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களிற் குடியேறிய தமிழன்பர்கள் இவ்வசதியின் அருமையை நன்கு அறிவார்கள். ஆனால், நிலத்துக்குக் கீழே முந்நூறு மீட்டர் ஆழத்தில், இருளிலும் தூசியிலும் பாறையைக் குடைந்து செல்லும் ஒரு யந்திரத்துக்கு வழிகாட்டுவது யார்? அந்த யந்திரத்தை ஓட்டும் மனிதனோ அதன் அருகில் இல்லை. எங்கோ ஓர் அறையில் அமர்ந்து விசைகளைத் தொடுகிறான். யந்திரம் எங்கே நிற்கிறது, எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை அவன் எவ்வாறு அறிவான்? இக்கேள்விக்கு விஞ்ஞானம் கண்டுள்ள விடையையே இன்று ஆராய்வோம்.

சுரங்கத் தொழிலின் துன்பம் தமிழர்க்குப் புதிதன்று. கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் பாதாளத்தில் இறங்கிப் பாடுபட்டன. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அழுத்தம் தாங்காமற் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும், பாறைத்தூசி நுரையீரலிற் படிந்து ஆயுளைக் குறைப்பதும் அவ்வூர் மக்கள் அனுபவித்தறிந்தவை. 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் கூரை சரிதல், நச்சு வாயு, தூசி ஆகிய மூன்று பகைகளும் உலகின் ஏனைய சுரங்கங்களில் இன்றும் மனிதனை எதிர்நோக்கியே இருக்கின்றன. இவற்றினின்று அவனைக் காக்கும் வழிகளுள் தலையாயது, ஆபத்து நிறைந்த வெட்டுமுகத்திலிருந்து அவனை அப்பால் அழைத்து வந்துவிடுவதேயாகும்.

இம்முயற்சியின் முதற்படி தொலைவிசைப் பெட்டி. நிலக்கரியை வெட்டும் யந்திரத்தின்மேல் அமர்ந்து ஓட்டியவன், இடுப்பிலே ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு சில மீட்டர் தள்ளி நின்று அதை இயக்கலானான். கூரை சரிந்தாற் பாதுகாப்பு என்று கருதியே இவ்வாறு செய்தனர். ஆனால் இதனால் வேறோர் அபாயம் நேர்ந்தது. குறுகிய சுரங்கப் பாதையில் யந்திரத்தை நன்றாகப் பார்க்க வேண்டி அருகே சென்றவர்கள், அது திரும்பும்போது சுவருக்கும் அதற்கும் இடையே நசுங்கி உயிரிழந்தனர். அமெரிக்க நாட்டில் இத்தகைய மரணங்கள் பல நிகழ்ந்த பின்னர், 2015ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஒரு விதி வகுத்தது. அதன்படி, தொடர்ந்து வெட்டிச் செல்லும் இவ்வகை யந்திரங்களில் மனிதன் நெருங்குவதை அறிந்து தாமே நின்றுவிடும் கருவியைப் பொருத்துவது கட்டாயமாயிற்று. யந்திரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தைப் பரப்பும். தொழிலாளி அணிந்துள்ள சிறு கருவி அப்புலத்தின் வலிமையை அளக்கும். வலிமை மிகுந்தால், மனிதன் மிக நெருங்கிவிட்டான் என்று பொருள். உடனே யந்திரம் நின்றுவிடும். தொலைவிலிருந்து இயக்குவது மட்டும் போதாது. யந்திரம் எங்கே, மனிதன் எங்கே என்ற இடவறிவும் உடன் வேண்டும் என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

இடவறிவு பெறுவதற்கு மேலுலகில் நாம் கையாளும் வழிகள் ஒவ்வொன்றாகப் பாதாளத்திற் கைவிடுகின்றன. இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள செயற்கைக் கோள்களிலிருந்து வரும் வானொலி அலைகள் மிக மெல்லியவை. அவை பாறையை ஊடுருவி வரமாட்டா. காந்த ஊசியோ, நூற்றுக்கணக்கான டன் இரும்புக்கும் பெரிய மின்சார மோட்டார்களுக்கும் நடுவே வடக்கு எதுவென்று அறியாமல் தடுமாறும். கண்ணால் அல்லது ஒளிக்கருவியால் நோக்கலாம் என்றால், கரித்தூசியும் நீர்த்திவலையும் குறுக்கே நிற்கின்றன. வெளியிலிருந்து ஒரு குறிப்பும் கிடையாத இந்நிலையில், யந்திரம் தன் நடமாட்டத்தைத் தானே உணர்ந்து கணக்கிட்டுக் கொள்வது ஒன்றே வழி.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். இரவு நேரத்தில், ஜன்னல்களை எல்லாம் அடைத்த ரயில் வண்டியில் நீங்கள் பயணம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் வண்டி வேகமெடுக்கும்போது உங்கள் முதுகு பலகையில் அழுந்துகிறது. வேகம் குறைந்தால் உடல் முன்னே சாய்கிறது. வளைவிலே திரும்பும்போது பக்கவாட்டில் ஒருங்கிச் சாய்கிறீர்கள். இவ்வசைவுகளை ஒன்று விடாமல், நேரத்தோடு, துல்லியமாகக் குறித்துக்கொண்டே வருவீர்களானால், புறப்பட்ட நிலையத்திலிருந்து இப்போது எவ்வளவு தூரம், எத்திசையில் வந்திருக்கிறீர்கள் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம் அல்லவா? இதுவே சடத்துவ வழியறிதல் எனப்படும் முறையின் தத்துவம். முதுகில் உணரும் அழுத்தத்தை அளக்க முடுக்கமானிகளும், திரும்புதலை அளக்கச் சுழலிகளும் இதிற் பயன்படுகின்றன.

சுழலியின் வரலாறு சுவையானது. விரைந்து சுற்றும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. 1852ஆம் ஆண்டில் ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இப்பண்பைக் கொண்டே பூமி சுழல்வதைக் காட்டினார். பிற்காலத்திற் பம்பரத்தின் இடத்தை ஒளி பெற்றது. ஒரு மூடிய பாதையில் இரண்டு ஒளிக்கற்றைகளை எதிரெதிராகச் செலுத்தினால், பாதை அசையாதிருக்கும்வரை இரண்டும் ஒரே நேரத்திற் சுற்றி முடிக்கும். பாதையே திரும்புமாயின், அது திரும்பும் திசையிற் செல்லும் கற்றைக்குச் சற்று அதிக நேரம் பிடிக்கும். 1913ஆம் ஆண்டில் சன்யாக் என்பவர் மெய்ப்பித்த இவ்விளைவை வைத்து, 1963ஆம் ஆண்டில் லேசர் ஒளியாற் சுழலி செய்து காட்டினர். தேய்ந்து போகும் பம்பரம் அதில் இல்லை. ஆதலால் இடைவிடாது அதிரும் சுரங்க யந்திரத்துக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. துல்லியமான சுழலி பூமியின் சுழற்சியையே உணர வல்லது. மணிக்குப் பதினைந்து பாகை வீதம் பூமி சுழல்வதை உணர்ந்து, மெய்யான வடக்கு எது என்று அது கண்டுகொள்ளும். அருகில் எத்தனை டன் இரும்பு இருந்தாலும் இதற்குக் கவலையில்லை.

1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவின் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல், பனிப்பாளங்களுக்கு அடியிலேயே சென்று வட துருவத்தை அடைந்தது. விண்மீனைக் காண மேலே வர வழியில்லாத அக்கப்பலுக்குத் துணைநின்றது சடத்துவ வழியறிதல் முறையே. கடலடியிற் பனி மறைத்ததுபோல மண்ணடியிற் பாறை மறைக்கிறது, தேவை ஒன்றே.

ஆனால் இம்முறையில் ஒரு பெரும் குறை உண்டு. சிறு பிழையும் நேரம் செல்லச் செல்லப் பெருகிவிடும். முடுக்கமானி புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு தவறாகக் காட்டுவதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் கணக்கு ஏறத்தாழ 18 மீட்டர் பிசகும். பத்து நிமிடத்திற் பிசகு பத்து மடங்காகாது, நூறு மடங்காகும். அதாவது 1,800 மீட்டர்! பாதாளத்தில் இப்படிப்பட்ட கணக்கை நம்பி யந்திரத்தைச் செலுத்துவது எங்ஙனம்? எனவே, சடத்துவக் கருவியைத் தனித்து விடாமல், அதன் பிழையை அவ்வப்போது திருத்தும் துணைகளைச் சேர்க்கிறார்கள். யந்திரம் நிற்கும் போதெல்லாம் அதன் வேகம் சுழியம் என்பது உறுதி. அத்தருணத்திற் கணக்கிலே காணும் வேகம் முழுவதும் பிழையே என்று தள்ளிவிடலாம். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதிலிருந்து, சென்ற தூரத்தை நேரே அளக்கலாம். சுரங்கப் பாதையில் முன்னரே அளந்து குறித்த இடங்களைக் கடக்கும்போது கணக்கைச் சரிபார்க்கலாம்.

இவையனைத்தும் ஒருங்கே பயன்படுவதை 'லாங்வால்' என்னும் நீள்சுவர்ச் சுரங்க முறையிற் காணலாம். நம் நாட்டில் தன்பாத் பகுதியிலுள்ள மூனிடி சுரங்கத்தில், விசையால் இயங்கும் தாங்கிகளைக் கொண்ட நீள்சுவர் முறை 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. தெலங்கானாவில் சிங்கரேணி நிறுவனத்தின் அட்ரியாலா சுரங்கத்தில் பெரிய அளவிலான நவீன நீள்சுவர் 2014ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கியது. இம்முறையில் ஏறக்குறைய 250 மீட்டர் நீளமுள்ள நிலக்கரிச் சுவர் ஒன்றை முதலில் வகுத்துக்கொள்வார்கள். அச்சுவரின் அடியில், இரும்புச் சங்கிலியால் இழுக்கப்படும் ஒரு கரித்தடம் கிடக்கும். அத்தடத்தின் மேலேயே வெட்டும் யந்திரம் முன்னும் பின்னும் ஊர்ந்து, ஒவ்வொரு நடையிலும் ஒரு மீட்டரளவு ஆழத்துக்குக் கரியைச் சீவித் தள்ளும். பின்புறம் வரிசையாக நிற்கும் எஃகுத் தாங்கிகள் கூரையைத் தாங்கி நிற்கும். யந்திரம் கடந்து சென்றதும் அவை தடத்தை முன்னே தள்ளி, தாமும் முன்னே நகரும். அவை விட்டுச் சென்ற இடத்திற் கூரை தானே இடிந்து விழும். அவ்வாறு விழ விடுவதே இம்முறையின் ஏற்பாடு.

இங்கே முக்கியமானது சுவரின் நேர்மை. நூற்றுக்கு மேற்பட்ட தாங்கிகள் தனித்தனியே தள்ளுவதால், நாளடைவிற் கரித்தடம் பாம்புபோல் வளைந்துவிடும். வளைந்தாற் சங்கிலி அறுபடும். தாங்கிகளின்மேற் பாறையின் சுமை சமமாக இறங்காது. கூரை முன்புறத்தில் உடைந்து விழும். ஆகவே வேலையை நிறுத்திவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கயிறு பிடித்துப் பார்த்து நேராக்குவது பழைய வழக்கம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போன்ற வேலைதான். ஆனால் இதை அபாயகரமான அவ்விடத்தில் மனிதர்கள் நடந்து சென்றே செய்ய வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமாகிய சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., அந்நாட்டு நிலக்கரித் தொழிலின் ஆராய்ச்சி நிதியைக் கொண்டு, 2001ஆம் ஆண்டில் இதற்கு விடைகாணப் புகுந்தது. அதன் விஞ்ஞானிகள் கண்ட வழி மிக எளிய எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது. வெட்டும் யந்திரம் ஊர்வது கரித்தடத்தின் மேலே; ஆகவே யந்திரம் சென்ற பாதை எதுவோ, அதுவே தடத்தின் வடிவம். யந்திரத்துக்குள் லேசர்ச் சுழலிகள் கொண்ட சடத்துவக் கருவியை வைத்தார்கள். அது திசையைக் காட்டியது. யந்திரத்தின் பற்சக்கரம் எத்தனை பற்களைக் கடந்தது என்பதிலிருந்து தூரம் தெரிந்தது. திசையும் தூரமும் தெரியவே, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடம் எங்கெங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது படமாகிவிட்டது. எந்தத் தாங்கி எத்தனை சென்டிமீட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ தள்ள வேண்டும் என்று கணிப்பொறி அடுத்த நடைக்குக் கட்டளையிடும், தடம் நேராகிவிடும். கயிறு பிடிக்க ஆள் வேண்டுவதில்லை.

இதற்கு வேண்டிய துல்லியம் எளிதானதன்று. 250 மீட்டர் நீளத்தில் திசை ஒரு பாகை பிசகினால், மறுமுனையில் 4 மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு விழும். பத்திலொரு பாகை பிசகினாற்கூட அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான வளைவு தோன்றும். யந்திரம் ஒரே வழியிற் போய் வருவதையும், இரு முனைகளிலும் அளந்தறிந்த இடங்கள் இருப்பதையும் பயன்படுத்திக் கணக்கின் பிழையை ஒவ்வொரு நடையிலும் கழித்துவிடுகிறார்கள். இம்முறை பின்னர் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான நீள்சுவர்ச் சுரங்கங்களிற் பரவியது. யந்திரம் செய்யும் பெரிய நிறுவனங்களும் இதற்கு உரிமம் பெற்றன.

பக்கவாட்டில் நேராகச் சென்றால் மட்டும் போதுமா? மேலும் கீழும் பார்க்க வேண்டுமே! நிலக்கரி அடுக்கு சமதளமாக இராது, ஏறும், இறங்கும். யந்திரம் கூரைப் பாறையை வெட்டினால் பற்கள் மழுங்கும், தீப்பொறி எழும், கரியோடு கல் கலக்கும். மிகத் தாழ வெட்டினாலோ நல்ல கரி வீணாகும். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. களிமண் பாறையில் மிக நுண்ணிய அளவிற் கதிரியக்கப் பொருள்கள் உள்ளன. நிலக்கரியில் அவை குறைவு. பாறையிலிருந்து வரும் காமாக் கதிர்கள் இடையிலுள்ள கரியைக் கடக்கும்போது மங்குகின்றன. எவ்வளவு மங்கின என்று அளந்தால், கூரையில் எவ்வளவு கனத்துக்குக் கரி எஞ்சியிருக்கிறது என்று கணக்கிடலாம். கரிச்சுவரின் நடுவே ஓடும் மெல்லிய பாறைக் கீற்று வெட்டப்படும்போது கரியைவிட அதிகமாகச் சூடேறும். வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவி தூசியினூடேயும் அக்கீற்றைக் கண்டு, யந்திரத்துக்கு அளவுகோலாகக் காட்டும்.

உலோகச் சுரங்கங்களில் நிலை சற்று வேறானது. அங்கே வெடிவைத்துத் தகர்த்த தாதுப்பாறையை அள்ளிச் சென்று கொட்டும் தாழ்ந்த வண்டிகள் உண்டு. அவை நடுவே மடங்கித் திரும்பக் கூடியவை. சுவீடன் நாட்டின் வடகோடியிலுள்ள கிருணா இரும்புச் சுரங்கம் இத்தகைய வண்டிகளைத் தொலைவிலிருந்து ஓட்டுவதில் முன்னோடிகளுள் ஒன்று. தொடக்க காலத்தில் வண்டி பின்பற்றிச் செல்வதற்காகச் சுரங்கத்தின் கூரையிலோ தரையிலோ கோடு அல்லது கம்பி அமைத்துப் பார்த்தார்கள். பாதை மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது வண்டியின்மேல் உள்ள லேசர் கருவி, இருபுறச் சுவர்களின் மேடுபள்ளங்களைக் கணந்தோறும் அளக்கிறது. கண்ணில்லாதவர் கைத்தடியாற் சுவரைத் தொட்டுத் தொட்டு வீட்டின் அமைப்பை உணர்வதை ஒத்தது இது. அளந்த வடிவத்தை முன்பே பதிந்துள்ள படத்தோடு ஒப்பிட்டு, நான் இன்ன வளைவில் நிற்கிறேன் என்று வண்டி அறிந்துகொள்ளும். ஓட்டும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ள, தாதுக் குவியலிற் கரண்டியை நுழைத்து அள்ளும் நுணுக்கத்தை மட்டும் தொலைவிலுள்ள தொழிலாளி செய்கிறான். ஆகவே ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைக் கவனிக்க முடிகிறது.

இச்செய்திகளையெல்லாம் மேலே கொண்டுவரும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுரங்கப் பாதைகளில், உறையிலே இடைவெளி விட்டுச் செய்த ஒருவகைக் கம்பியைத் தொங்கவிடுவார்கள். அதன் நீளம் முழுவதும் வானொலி அலை சிறிது சிறிதாகக் கசியும். அருகே செல்லும் வண்டிகள் அதைப் பற்றிப் பேசும். இப்போது கண்ணாடி இழைக் கம்பிகளும் சேர்ந்துள்ளன. நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு இருப்பதால், கருவிகள் பலவற்றை, உள்ளே எழும் தீப்பொறி வெளியே வராத கவசப் பெட்டியில் அடைத்து வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்யும் கருவி பல ஆண்டு உழைப்புக்குப் பின்னரே சுரங்கத்தில் இறங்குவதற்கு இஃது ஒரு காரணம்.

அன்பர்களே, இத்தனை நுட்பமும் ஒன்றை நம்பியிருக்கிறது. யந்திரம் தன் இடத்தை எவ்வளவு துல்லியமாக அறிந்தாலும், சுரங்கத்தின் வரைபடம் தவறாயிருந்தால் அவ்வறிவு பயன்படாது. 1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தன்பாத்துக்கு அருகிலுள்ள சாஸ்னாலா சுரங்கத்திற் பழைய சுரங்கத்திலே தேங்கியிருந்த வெள்ளம் உடைத்துக்கொண்டு புகுந்து, 375 தொழிலாளரைப் பலிகொண்டது. கைவிட்ட சுரங்கத்தின் நீர் எத்தகைய யமன் என்பதை நாடு அன்று கண்டது. 2002ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவீக்ரீக் என்னும் சுரங்கத்தில், வெட்டும் யந்திரம் அருகிலிருந்த பழைய சுரங்கத்தை உடைத்துவிட்டது. கையிலிருந்த பழைய படம் அச்சுரங்கத்தின் முழு எல்லையையும் காட்டவில்லை. வெள்ளத்தில் ஒன்பது பேர் அகப்பட்டனர்.

அதே இடவறிவுதான் அவர்களை மீட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செயற்கைக் கோளின் துணையால் நிலத்தின்மேல் ஓரிடத்தைக் குறித்து, அங்கிருந்து 70 மீட்டருக்கும் மேல் ஆழமாக ஒரு சாண் அகலமும் இல்லாத துளையிட்டனர். அத்துளை அவர்கள் ஒதுங்கியிருந்த பகுதியிலேயே சரியாக இறங்கிற்று; அதன் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினர். மூன்று நாட்களுக்குப் பின் ஒன்பது பேரும் உயிருடன் மேலே வந்தனர். நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டு நவம்பரில், ராணிகஞ்சைச் சேர்ந்த மகாபீர் சுரங்கத்தில் வெள்ளத்திற் சிக்கிய 65 பேரை, துளை வழியே இறக்கிய எஃகுக் கூண்டில் ஒவ்வொருவராக ஏற்றி மீட்டனர். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே முதலில் அக்கூண்டில் இறங்கிச் சென்றார். மேலே நிற்பவன் கீழே உள்ளவனின் இடத்தைச் சரியாக அறிந்திருந்ததே அத்தனை உயிர்களையும் காத்தது.

யந்திரம் தானே வழியறிந்து சென்றால் தொழிலாளியின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி எழுவது இயல்பு. வெட்டுமுகத்தில் நிற்கும் ஆட்களின் தொகை குறையும் என்பதை மறைப்பதற்கில்லை. வேலையின் தன்மையும் மாறும். மண்வெட்டி பிடித்த கை, திரையிலே தோன்றும் படத்தைப் படித்துணரப் பழக வேண்டும். அப்பயிற்சியைத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு அளிப்பது சுரங்கத்தை நடத்துவோரின் கடமை. தூசி படிந்த நுரையீரலோடு நாற்பது வயதில் வீடு திரும்பிய தந்தையரைக் கண்ட குடும்பங்களுக்கு, வெட்டுமுகத்தை விட்டு மனிதன் விலகி நிற்பதன் பொருள் நன்றாகவே விளங்கும். கருவிகள் பெருகட்டும், அவற்றோடு, கைவிட்ட ஒவ்வொரு பழைய சுரங்கத்தையும் அளந்து சரியான படமாக்கி வைக்கும் பொறுமையும் பெருகட்டும். பாதாளத்தில் இறங்கும் யந்திரத்துக்கும் மனிதனுக்கும் அப்படமே முதல் வழிகாட்டி.